நடத்த வந்தவள் பேச ஆரம்பித்தபோது

உறவினரை இழந்தவர்களுக்காக வாராவாரம் ஒரு குழு நடத்துகிறேன். 8 பேர், ஒன்றரை மணி நேரம். ஒருநாள் ஒரு பெண்மணி தன் அப்பாவின் சட்டையைப் பற்றிப் பேசினார். துவைக்காமலே வைத்திருக்கிறாராம். இப்போது அதில் வருவது அப்பாவின் வாசனையா, அலமாரியின் வாசனையா என்றே தெரியவில்லை என்றார்.

என் அப்பா போய் அப்போது 7 மாதம். என்னிடமும் ஒரு சட்டை இருந்தது.

"எங்க அப்பா சட்டையும் அப்படித்தான்" என்று ஆரம்பித்தேன். ஒரு வரியோடு நிறுத்துவதாகத்தான் நினைப்பு. ஆஸ்பத்திரியின் கடைசி இரவுவரை போய்விட்டேன். சொல்லச் சொல்ல இதமாக இருந்தது, அதையும் மறைப்பதற்கில்லை. முடித்தபோது அந்தப் பெண்மணி தன் மடியிலிருந்த டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நீட்டினார். ஆளாளுக்கு எனக்கு ஆறுதல் சொன்னார்கள். மணியைப் பார்த்தால் 20 நிமிடம் ஓடியிருந்தது. அவருடைய சட்டைக் கதை நின்றது நின்றதுதான்.

அடுத்த வாரம் உள்ளே வந்ததும் அவர் கேட்டது: "நீங்க இப்ப பரவாயில்லையா?"

* * *

இதற்கு நேர்மாறாகவும் இருந்து பார்த்திருக்கிறேன். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் வில்பிரட் பியோன் 1948-இல் லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் குழு நடத்தியபோது, இவர் வழிகாட்டுவார் என்று எல்லோரும் காத்திருக்க, அவர் சும்மா இருப்பார். குழுவுக்கு எரிச்சல் வரும். அந்த எரிச்சலைப் பற்றியே அவர்களிடம் பேசுவார். அவரைப் பின்பற்றுகிறேன் பேர்வழி என்று நானும் கல்லாக உட்கார்ந்தேன். மூன்றாம் வாரம் ஒருவர், "நீங்க எங்களை வேடிக்கை பார்க்கிறீங்க" என்று சொல்லிவிட்டார். பியோனின் மௌனம் வேறு, என் பயம் வேறு.

அப்புறம் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் பக்கம் சாய்ந்தேன். நடத்துபவரும் போகப் போகப் பங்கேற்பவராக ஆகலாம் என்றவர் அவர். பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு நடத்தும்போது, தன் பிரச்சினை பெரிதாக இருந்தால் சக ஊழியர்களிடமோ சிகிச்சையாளரிடமோ கொண்டுபோக வேண்டும், குழுவின் நேரத்தை எடுக்கக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான்.

* * *

"எனக்கும்" என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்தால், யாருக்காக என்று என்னையே கேட்டுக்கொள்வேன். பாதி நேரம் விடை கிடைக்காது. அதனால் வேறொரு குழுவில் வெறும் உறுப்பினராகச் சேர்ந்தேன். முதல் நாளே, பக்கத்திலிருந்தவர் நீட்டி முழக்கியபோது என் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போனது. அதைப் பார்த்துவிட்ட நடத்துநர், "அதை நான் பார்த்துக்கறேன்" என்றார்.