சித்தப்பாவை மருத்துவரிடம் அழைத்துப் போக வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊர். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது சித்தப்பாவின் தென்னந்தோப்பு மொத்தமாகச் சாய்ந்தது. நெல் போனால் அடுத்த போகத்தில் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் நெட்டை ரகத் தென்னை காய்ப்புக்கு வரவே ஆறேழு வருஷம் ஆகும், அதுவரை கன்றுக்கும் தண்ணிக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் வட்டியோடு ஏறிக்கொண்டே போகும். இப்போது மரம் காய்க்கிறது, ஆனால் மனுஷர்தான் எழுந்திருக்கவில்லை. ராத்திரி தூக்கமில்லை, தோப்புப் பக்கம் போவதில்லை, கல்யாணம் காட்சிக்கும் வருவதில்லை. போன வாரம் சித்தியிடம், "நான் இல்லாம இருந்தா உங்களுக்குப் பாரம் குறையும்" என்றிருக்கிறார். அன்றைக்கே வீட்டிலிருந்த பூச்சிமருந்தை எல்லாம் வேறிடத்துக்கு மாற்றிவிட்டோம், அவரைத் தனியாக விடுவதில்லை. 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு நான் கூப்பிட்டேன். தமிழிலேயே பொறுமையாகப் பேசினார்கள், உடனே மனநல மருத்துவரிடம் காட்டச் சொன்னார்கள்.

இவரோ "எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபப்படுகிறார். வீட்டில் இப்படி ஒருவரைச் சம்மதிக்க வைத்தவர்கள் யாராவது இருந்தால், எப்படிப் பேச்சை எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். தஞ்சாவூர், பட்டுக்கோட்டை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு எந்தெந்த நாளில் என்பதும் தெரிய வேண்டும். அப்புறம், இதே நிலையிலிருந்து மீண்ட தென்னை விவசாயி யாராவது அவரிடம் ஒருதடவை பேசினால் பெரிய உதவி, நான் சொல்வதைவிட அவர்கள் சொன்னால் கேட்பார். தயவுசெய்து தனிச்செய்தி அனுப்புங்கள்.