மெக்சிகோ நகரத்துக்குப் புதிதாகக் குடிவருவோர் அறிய வேண்டிய சந்தைச் சொற்கள்

ஸ்பெயின் நாட்டுப் பாடநூல்களில் ஸ்பானியம் படித்துவிட்டு மெக்சிகோ நகரத்துக்குக் குடிவரும் நம்மவர்கள் முதலில் தடுமாறுவது காய்கறி வாங்கும்போதுதான். தெருவை அடைத்து வாரம் ஒருமுறை கூடும் சந்தைக்கே இங்கு ‘தியாங்கிஸ்’ என்று பெயர். அது அஸ்டெக் மக்கள் பேசிய நாவாத்ல் மொழிச் சொல்.

நான் வந்த முதல் வாரத்தில் ரசத்துக்காகத் ‘தொமாத்தே’ கேட்டபோது, கடைக்கார அம்மா சருகு போன்ற உறை மூடிய, உரித்தால் விரலில் பிசுபிசுக்கும் பச்சைக் காய்களை ஒரு கிலோ நிறுத்துக் கொடுத்தார். நம் சிவப்புத் தக்காளிக்கு மத்திய மெக்சிகோவில் ‘ஹித்தொமாத்தே’ என்று பெயர் என்பதையும், நாட்டின் வடபகுதியில் அதையே ‘தொமாத்தே’ என்பார்கள் என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நாவாத்ல் மொழியில் ‘த்ல்’ என முடிந்த பெயர்ச்சொற்கள் பல, 1521-இல் அஸ்டெக் தலைநகரான தெனோச்தித்லான் ஸ்பானியரிடம் வீழ்ந்தபின் அவர்கள் நாவில் ‘தே’ என முடியலாயின. ‘அவாகாத்ல்’ என்ற வெண்ணெய்ப் பழம் ‘அகுவகாத்தே’ ஆனது அப்படித்தான். மக்காச்சோளக் கதிர் ‘எலோத்தே’, பீன்ஸ் ‘எஹோத்தே’, சர்க்கரைவள்ளி ‘கமோத்தே’. நம் வீடுகளில் கூட்டு வைக்கும் சௌசௌவின் தாயகமே இந்நாடுதான். இங்கு அது ‘சயோத்தே’. இவற்றில் வரும் ஒலி ‘ட’ அன்று, நம் ‘த’வேதான்; அப்படியே உச்சரித்தால் கடைக்காரருக்கு உடனே புரியும்.

சமையலறைச் சொற்களும் இவ்வாறே வந்தவை. தோசைக்கல்லைப் போன்ற ‘கொமால்’, அம்மியைப் போன்ற ‘மெத்தாத்தே’, மூன்று கால் உள்ள எரிமலைக்கல் உரலான ‘மொல்கஹெத்தே’ ஆகியவை எல்லாச் சந்தைகளிலும் கிடைக்கும். புது உரலில் அரிசியைப் போட்டு, மாவில் கல்தூள் தெரியாத வரை பலமுறை அரைத்துக் கொட்டிய பிறகே சட்னி அரையுங்கள்.

இந்த நாவாத்ல் வழிச் சொற்களைக் கொச்சை என்று ஒதுக்கிவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இன்றும் நாவாத்ல் பேசுகிறார்கள். உங்களுக்குக் காய் நிறுத்துக் கொடுப்பவரின் தாய்மொழியே அதுவாக இருக்கலாம்.

பெரு நாட்டுக்குச் செல்வோர் வேறு பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கு கெச்சுவா மொழி வழியாக வெண்ணெய்ப் பழம் ‘பல்தா’ என்றும், சோளக்கதிர் ‘சோக்ளோ’ என்றும் வழங்குகின்றன. ஸ்பெயினில் ‘பத்தாத்தா’ எனப்படும் உருளைக்கிழங்கு, மெக்சிகோ, பெரு இரண்டிலுமே கெச்சுவா தந்த ‘பாப்பா’தான்.