தரங்கம்பாடி போகிறோம்: அருங்காட்சியகத்துக்கு நேரம் ஒதுக்கலாமா?

கேள்வி: அடுத்த வாரம் குடும்பத்தோடு 2 நாள் தரங்கம்பாடியில் தங்குகிறோம். பத்து வயது மகனுக்குக் கடலில் ஆடினால் போதும். டேனிஷ் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகம் அவனுக்குப் பிடிக்குமா?

பதில் (மயிலாடுதுறைக்காரர்): கட்டாயம் போங்க சார். தஞ்சை ரகுநாத நாயக்கர் இடம் கொடுக்க, 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை அது. 1845-இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். என் மகளுக்கு இந்த வருடக் கணக்கெல்லாம் ஏறவில்லை. திமிங்கல எலும்பின் முன்னால் மட்டும் அசையாமல் நின்றாள், தன் கையை நீட்டி அளந்து பார்த்தாள். சீனத் தேயிலை ஜாடிகள், வாள்கள், சின்னப் பீரங்கிக் குண்டுகளும் உண்டு. காலையில் கடல், வெயில் ஏறியதும் கோட்டை, அதுதான் சரி. வெள்ளிக்கிழமை விடுமுறை, கவனம்.

பதில் (தமிழாசிரியை): அப்புறம் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வாழ்ந்த இடத்தையும் விட்டுவிடாதீங்க. 1706-இல் இங்கே வந்து இறங்கி, மணலில் எழுதித் தமிழ் கற்றவர். அவர் தமிழில் மொழிபெயர்த்த பைபிளின் புதிய ஏற்பாடு இதே ஊரில்தான் அச்சானது. நான் அங்கே நின்றபோது கண் கலங்கிவிட்டது.

கேள்வி கேட்டவர்: ரொம்ப நன்றி. நாங்கள் வெள்ளிக்கிழமைதான் போய்ச் சேர்கிறோம். அன்றைக்கு மாசிலாமணிநாதர் கோயிலையும் கடலையும் பார்த்துவிட்டு, சனிக்கிழமை கோட்டைக்குப் போகிறோம். திமிங்கல எலும்பு என்றதுமே மகன் தயார்!