அப்பா, அம்மா படுத்துவிட்டால் ஆகும் செலவுக்கு இப்போதே என்ன ஏற்பாடு? (கடலூர்)

செம்மண்டலத்தான்:
கடலூர் செம்மண்டலத்தில் அப்பாவுக்குச் சொந்த வீடு, அவரே சம்பாதித்துக் கட்டியது. அப்பாவுக்கு 68, ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர், ஓய்வூதியம் 28,000. அம்மாவுக்கு 63, தனி வருமானம் இல்லை. போன வருஷம் அப்பாவுக்கு லேசாகப் பக்கவாதம் வந்து தேறிவிட்டார். நடக்கிறார், கையெழுத்தும் போடுகிறார். 14 லட்சம் ஒரே எஃப்டியாக அவர் பேரில் மட்டும் இருக்கிறது, அடுத்த மாதம் முதிர்கிறது. 5 லட்சத்துக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் உண்டு. நான் ஓசூரில், அக்கா புதுச்சேரி வில்லியனூரில். ஒருவர் படுக்கையில் விழுந்தால் இன்ஷூரன்ஸ் போதாதா? வீட்டை இப்போதே உன் பேருக்கு எழுதிவிடுகிறேன் என்கிறார் அப்பா. செய்யலாமா?

ஹோம்கேர் லாஸ்பேட்டை:
போதாது சார். ஹெல்த் இன்ஷூரன்ஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் வரும் பில்லுக்கானது. வீட்டில் வைத்துக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, புரட்டிப் போட ஆகும் செலவுக்கு அதில் வழியில்லை. பாலிசியில் ‘டொமிசிலியரி’ என்று ஒரு பிரிவு இருக்கும், அதை நம்பி ஏமாறாதீர்கள். ஆஸ்பத்திரியில் தர வேண்டிய சிகிச்சையை, நோயாளியை நகர்த்த முடியாததாலோ படுக்கை கிடைக்காததாலோ வீட்டில் தந்தால்தான் அது செல்லும். டயப்பருக்கு ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே பணம் தரமாட்டார்கள். 70 வயது முடிந்தால் ஆயுஷ்மான் திட்டத்தில் வருமான வரம்பு இல்லாமல் 5 லட்சம் உண்டு, அதுவும் ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான். அதற்காக இருக்கிற பாலிசியை விட்டுவிடாதீர்கள். பக்கவாதம் வந்தவருக்குப் புதிதாக எடுப்பது கஷ்டம், கிடைத்தாலும் பழைய நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருக்க வேண்டி வரும்.

செலவில் பெரிய பங்கு ஆளுக்குத்தான் போகும். 12 மணி நேர ஆளா, வீட்டிலேயே தங்கும் ஆளா என்று முதலில் முடிவு பண்ணுங்கள். தங்கும் ஆள் என்றால் சம்பளத்தோடு மூன்று வேளைச் சாப்பாடும் படுக்க இடமும் கணக்கில் வரும். கேர்டேக்கர் வேறு, நர்ஸ் வேறு. மூக்குக் குழாய் போடுவது, யூரின் ட்யூப் மாற்றுவது, சளி உறிஞ்சுவது எல்லாம் நர்ஸ் வேலை, அதற்குத் தனிக் காசு. ஏஜென்சியோடு பேசும்போது இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: ஆள் நின்றுவிட்டால் எத்தனை மணி நேரத்தில் மாற்று ஆள் வரும், முன்பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆள் ஊருக்குப் போய்விடும் என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள்.

டயப்பர் ஒரு நாளைக்கு 4 வைத்தால் மாதம் 120. மொத்தமாகப் பெட்டி வாங்கிக் குவிக்க வேண்டாம். படுத்தவர் உடம்பு இளைக்கும், எல் சைஸ் போய் எம் ஆகும். தொடைப் பக்கம் தளர்ந்த டயப்பர் ஓரத்தில் ஒழுகும், விரிப்பு நனையும், ஈரத்தில் முதுகின் அடிப்பக்கத் தோல் ஊறிப் புண் வரும். படுக்கைப் புண் வந்தால் டிரஸ்ஸிங், ஆன்டிபயாடிக், நர்ஸ் விசிட் என்று மாதச் செலவு ஒரேயடியாக ஏறிவிடும். ஏர் பெட் வாங்கினாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டத்தான் வேண்டும். செலவைக் குறைக்கும் வேலைகளில் இதுதான் முதல்.

கடலூரில் இருக்கும்வரை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையும் பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே இலவசமாக வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். அது தமிழ்நாட்டுத் திட்டம். அக்கா வீட்டுக்கு வில்லியனூர் போய்விட்டால் தொடராது, பிசியோவுக்குக் கையிலிருந்து கொடுக்க வேண்டும்.

முதியோர் இல்லம் பார்ப்பதானால் ஒரே கேள்வி போதும்: “படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வீர்களா?” நடமாட்டம் உள்ளவர்களை மட்டும் வைத்துக்கொள்ளும் இல்லங்கள் நிறைய. அங்கே டெபாசிட் கட்டிவிட்டு, தேவைப்படும் நேரத்தில் வேறு இடம் தேட வேண்டி வரும்.

சேமிப்பு மேசை, திருப்பாதிரிப்புலியூர்:
தம்பி, நீங்கள் அப்பாவை மட்டும் நினைத்துக் கணக்குப் போடுகிறீர்கள். வயதைப் பார்த்தால் அப்பாவுக்குப் பின் தனியாக இருக்கப் போவது அம்மாவாக இருக்கலாம். ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி, குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம். அந்த 28,000-இல் கம்யூட்டேஷன் (ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது) பிடித்தம் எதுவும் இல்லையென்றால் அம்மாவுக்கு ஏறத்தாழ 16,800 வரும். அம்மாவுக்கு 75 வயதாகும்போது ஆள் தேவைப்படுகிறது என்று வைப்போம். இன்று 30,000 ஆகிற பராமரிப்பு வருஷம் 7 சதவீதம் ஏறினால் 12 வருஷத்தில் 67,000-ஐத் தாண்டும். துண்டு விழுவது அங்கேதான்.

14 லட்சத்தில் 10 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். ஒருவருக்கு உச்ச வரம்பு 30 லட்சம். 8.2 சதவீத வட்டியில் காலாண்டுக்கு 20,500 வரும். சேருவதற்கு முன் அந்தக் காலாண்டின் வட்டியைப் பாருங்கள், சேரும் நாளின் வட்டிதான் 5 வருஷத்துக்கும். காலாண்டு வட்டியை எடுக்காமல் விட்டால் அதற்கு வட்டி கிடையாது, சேமிப்புக் கணக்குக்குத் தானாகப் போகும்படி எழுதிக் கொடுங்கள். ஒரு வருஷத்துக்குள் முடித்தால் வாங்கிய வட்டியைத் திரும்பப் பிடிப்பார்கள். இரண்டு வருஷத்துக்குள் என்றால் அசலில் 1.5 சதவீதம், அதற்குப் பிறகு 1 சதவீதம் போகும். அம்மா பேரில் போட்டாலும் பணம் அப்பாவுடையது என்பதால் வருமான வரிக்கு வட்டி அப்பா கணக்கில்தான் சேரும்.

மீதி 4 லட்சம் அவசரத்துக்கு. இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்று எஃப்டி போட்டுவிட்டால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று நினைக்கிறார்கள். முதிர்ந்த பிறகுதான் ஒரு கையெழுத்து போதும். முதிர்வுக்கு முன் உடைக்க இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். ஒருவர் ஐசியூவில் கிடந்தால் பணம் பூட்டிக்கொள்ளும். அதனால் 1 லட்சம் சேமிப்புக் கணக்கிலேயே கூட்டாக இருக்கட்டும். மற்ற 3 லட்சத்தை லட்சம் லட்சமாகப் பிரித்து, 3 மாதத்துக்கு ஒன்று முதிரும்படி போடுங்கள்.

பவர் பத்திரம் வாங்கி வைத்தால் போதும் என்பார்கள். எழுதிக் கொடுத்தவர் நினைவு தப்பினாலோ புத்தி பேதலித்தாலோ நம் சட்டத்தில் அந்தப் பவர் செல்லாது, சரியாகத் தேவைப்படும் நேரத்தில்! பிறகு காப்பாளர் நியமனம் கேட்டு உயர் நீதிமன்றம் போக வேண்டி வரும். சுயநினைவு இருந்து கை மட்டும் வரவில்லை என்றால் வழி உண்டு: வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் முன் கைரேகை வைக்கலாம், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். அப்பா கையெழுத்து இப்போதே கொஞ்சம் மாறியிருந்தால் கிளையில் புது மாதிரிக் கையெழுத்தைப் பதிந்துவிடுங்கள். இந்த மாதமே செய்யுங்கள்.

பத்திரப்பணி பண்ருட்டி:
வீட்டை எழுத வேண்டாம். உங்கள் மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. வீடு அப்பா பேரில் இருக்கும்வரைதான் அதன் மேல் ரிவர்ஸ் மார்ட்கேஜ் வாங்க முடியும். 60 வயது கடந்தவர் தன் சொந்தச் சம்பாத்திய வீட்டை வங்கியில் வைத்து மாதாமாதம் பணம் பெறலாம், அந்தப் பணத்துக்கு வருமான வரி இல்லை. அம்மாவுக்கும் 55 தாண்டிவிட்டதால் இருவரும் சேர்ந்தே வாங்கலாம். இருவருக்கும் பின் நீங்கள் கடனைக் கட்டி வீட்டை மீட்கலாம், இல்லாவிட்டால் வங்கி விற்றுக் கழித்து மீதியைத் தரும். வீட்டை இப்போதே உங்கள் பேருக்குத் தான செட்டில்மென்ட்டாகப் பதிந்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும், அப்பா தன்னிஷ்டத்துக்கு ரத்தும் செய்ய முடியாது.

உயில் எழுதட்டும், உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், சொத்து பெறுகிறவர் சாட்சியாக நிற்கக் கூடாது. பதிவு கட்டாயமில்லை என்றாலும் பக்கவாதம் வந்தவர் என்பதால் பதிவதே நல்லது. டாக்டரிடம் தெளிந்த மனநிலைச் சான்றும் அதே தேதிக்கு வாங்கி வையுங்கள்.

செட்டில்மென்ட்தான் வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தால் இரண்டு வரிகள் இல்லாமல் பதிய விடாதீர்கள். ஒன்று, அப்பாவுக்கும் அவருக்குப் பின் அம்மாவுக்கும் ஆயுட்கால அனுபவ உரிமை. வரைவில் அம்மா பெயர் விட்டுப்போவது சகஜம், வாசித்துப் பாருங்கள். இரண்டு, இருவருக்கும் உணவு, மருத்துவம், பராமரிப்பு செய்ய வேண்டும் என்ற நிபந்தனை. 2007-ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவில் கோட்டாட்சியர் முன் மனு கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்ய அந்த நிபந்தனைதான் பிடிமானம். அது எழுதப்படாமல் ‘அன்பின் காரணமாக’ என்று மட்டும் இருந்தால் வழக்கு இழுக்கும்.

முதுநகர் மின்பணி:
ஒன்றை யாரும் சொல்லவில்லை. 2011-இல் தானே புயல் அடித்தபோது கடலூர்ப் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஏர் பெட் பம்ப் சொற்ப மின்சாரம்தான் இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டரே தாங்கும். மூச்சுக்கு ஆக்சிஜன் தரும் கான்சென்ட்ரேட்டர் மெஷின், 5 லிட்டர் என்றால் சுமார் 350 வாட் இழுக்கும். 150 ஏஎச் பேட்டரி ஒன்றில் மூன்று, நாலு மணி நேரம்தான் ஓடும். ஆக்சிஜன் தேவைப்படும் நிலை வந்தால் பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று கைவசம் வேண்டும். அதில் 1,500 லிட்டர், நிமிஷத்துக்கு 2 லிட்டர் வைத்தால் பன்னிரண்டரை மணி நேரம். ரெகுலேட்டரும் சாவியும் சிலிண்டரோடு கட்டியே இருக்கட்டும்.

செம்மண்டலத்தான்:
எல்லோருக்கும் நன்றி. அக்காதான் ஒரு மணி நேரத்தில் வந்து நிற்கக்கூடியவர். அவரைக் கணக்கில் சேர்க்கலாமா?

சேமிப்பு மேசை, திருப்பாதிரிப்புலியூர்:
மூத்த குடிமக்கள் திட்டத்தில் முடியாது, கூட்டுக் கணக்கு கணவன் மனைவிக்கு மட்டும்தான். அந்த 1 லட்சம் இருக்கும் சேமிப்புக் கணக்கில் மூன்றாவது பெயராகச் சேருங்கள், ‘எவரேனும் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்று. ஓய்வூதியம் வரும் கணக்கு வேறு, அதைத் தொடாதீர்கள். அக்கா பெயர் செலவுக்கு எடுத்துக் கொடுக்கத்தான், மீதி உங்களுக்கும் அக்காவுக்கும் சமம் என்று உயிலில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அதை அக்காவும் படித்துப் பார்க்கட்டும்.