இடப்பக்கத்து அட்ஜஸ்டர் வலப்பக்கத்துக்கு ஆகாது

முன்சக்கர டிஸ்க் பிரேக்கைப் பற்றி இங்கே நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். பின்சக்கர டிரம் பிரேக்கை, அதாவது சக்கரத்தோடு சுழலும் இரும்புக் கிண்ணத்தின் (டிரம்) உட்புறத்தை உராய்வுப் பட்டைகள் (லைனிங்) அழுத்தி நிறுத்தும் பிரேக்கை, யாரும் தொடவில்லை என்பதால் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

எங்களுடையது பழைய இன்னோவா. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் நிற்க வேண்டிவந்தது. ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இழுத்துப் பிடித்தும் வண்டி மெல்ல நகர்ந்தது. உள்ளே அம்மாவும் குழந்தைகளும். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மூன்று மாதத்துக்கு முன்புதான் சர்வீஸ் செய்த இடத்தில் "பின் பிரேக் நன்றாக இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டுகளில் வண்டியை நிறுத்தினேன். டிரம் துருவேறி இறுகியிருந்தது. சுத்தியலை எடுத்தேன். மாமா கையைப் பிடித்துத் தடுத்து, டிரம்மின் முகத்தில் மரை வெட்டிய இரண்டு துளைகளைக் காட்டினார். 8 மி.மீ. போல்ட்டுகளை அவற்றில் போட்டு மாற்றி மாற்றி அரைச் சுற்று முறுக்கினோம். 'டக்' என்ற சத்தத்தோடு டிரம் விலகிக் கொடுத்தது.

உள்ளே கரித்தூள். இதை வாயாலோ காற்றடித்தோ ஊதவே கூடாது. பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். நன்றாக நனைத்து, துணியால் துடைத்து எடுத்தேன். லைனிங் ஒரு ஓரத்தில் இரண்டு தபால் அட்டை கனம்கூட இல்லை. ஒரு மில்லிமீட்டர்வரை வந்துவிட்டாலே மாற்றியாக வேண்டும். பட்டைகளை டிரம்மை நோக்கித் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை மெல்லத் தூக்கிப் பார்த்தபோது உள்ளே ஈரம். பிரேக் ஆயில் கசிந்தால் புது லைனிங்கும் நனைந்து வீணாகும். ஆகவே சிலிண்டரையும் மாற்றி, பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றினோம். தேய்ந்த டிரம்மின் உட்புறத்தை எவ்வளவு விட்டம்வரை கடைந்து சமப்படுத்தலாம் என்பது டிரம்மிலேயே வார்க்கப்பட்டிருக்கும். இடப்பக்க டிரம் அந்த அளவைத் தாண்டியிருந்ததால் லேத்காரர் கடைய மறுத்துவிட்டார். இரண்டு பக்கத்துக்கும் புதிது வாங்கினேன்.

தவறு எங்கே நடந்தது என்றால், அவசரத்தில் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரித்துப் போட்டுவிட்டேன். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்தைத் தொட்டிருந்தால், எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டும் என்று எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஸ்பிரிங்குகளைப் புகைப்படத்தை வைத்து ஒருவழியாக மாட்டினோம். பட்டைகளுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும், பல்சக்கரம் வைத்த அட்ஜஸ்டர்கள்தாம் இடம் மாறிவிட்டன. பார்வைக்கு இரண்டும் ஒன்றேபோல் இருக்கும். ஆனால் ஒன்றில் வலமரை, மற்றதில் இடமரை. மாற்றிப் போட்டால், லைனிங் தேயத்தேய நீள வேண்டிய அட்ஜஸ்டர் சுருங்கிப்போகும்.

நான்கே நாளில் பெடல் கீழே இறங்கத் தொடங்கியது. மறுபடி பிரித்து, இரண்டையும் உள்ளங்கையில் வைத்து வெயிலில் மரையைப் பார்த்தபோதுதான் விளங்கியது. சரியான பக்கத்தில் பொருத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றினால் லேசாக உரசும் ஓசை வரும்வரை அட்ஜஸ்டரைத் திருப்பினேன். இப்போது லிவரை இழுத்தால் ஏழாவது பல்லிலேயே, அதாவது ஏழாவது 'டிக்' ஓசையிலேயே, ஹேண்ட் பிரேக் பிடித்துக்கொள்கிறது.