பலாக் கிளையில ரோஸ் கலர் படை (பண்ருட்டி தோட்டம் குரூப்)

செந்தில்: [போட்டோ] பலாவுல கவட்டைக்கு அடிப்பக்கம் ரோஸ் கலர்ல பத்து போட்ட மாதிரி இருக்கு. கீழ கிடக்குற முந்திரி விறகுலயும் வெள்ளையா படை. ரெண்டும் ஒண்ணா மாமா?

ராஜா மாமா: ரெண்டும் குடை மாதிரி விரியாத காளான், கட்டையோட ஒட்டிப் படரும். வேலைதான் வேற. விறகுல இருக்கறது செத்த கட்டையை மக்க வைக்குது, மருந்து வேணாம். பலாவுல இருக்கறது உசுரோட இருக்குற பட்டையைக் கொல்லும். இளஞ்சிவப்பு நோய். கார்ட்டீசியம் சால்மோனிகலர்ங்கறது பழைய பேரு.

அகிலா அத்தை: நுனி இலை காஞ்சிருக்கா? பட்டை வெடிச்சு பால் வடியுதா?

செந்தில்: ஆமா அத்தை, ரெண்டும் இருக்கு. ரோஸைத் தாண்டி சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல் ஓடுது.

அகிலா அத்தை: அதுதான் முன்னாடி போற முனை. ரோஸ் முடியற இடத்துல வெட்டினா மிச்சம் தங்கிடும். கத்தியால பட்டையைச் சீவிக்கிட்டே கீழ வா. உள்ள பழுப்பு போய் நல்ல பட்டை வந்ததும், அதுலேர்ந்து ஒரு சாண் கீழ அறு. அறுத்ததை அங்கயே போடாம எரிச்சிடு.

செந்தில்: வெட்டுவாய்க்கு?

ராஜா மாமா: போர்டோ பசை. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம் அரை லிட்டர் தண்ணில, சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் இன்னொரு அரை லிட்டர்ல. பிளாஸ்டிக் வாளிதான், இரும்பு, தகரம் ஆகாது. துத்தத் தண்ணியைச் சுண்ணாம்புல ஊத்து, மாத்தி ஊத்தாத. தேச்சு வெச்ச இரும்புக் கத்தியை ஒரு நிமிஷம் முக்கு. செம்பு படிஞ்சா சுண்ணாம்பு பத்தல, இன்னும் போடு. பழைய மூட்டைச் சுண்ணாம்புன்னா காத்து பட்டு வீரியம் போயிருக்கும், கட்டாயம் பாக்கணும்.

மணி: தெளிக்கவும் இதேவா சித்தப்பா?

ராஜா மாமா: சரக்கு அதே 100, 100தான். தண்ணி மட்டும் மொத்தம் 10 லிட்டர். துணில வடிகட்டு, இல்லேன்னா நாசில் அடைச்சிக்கும். அன்னிக்கே தீத்துடு, மறுநாள் ஒட்டாது.

மணி: கடைல ரெடியா விக்குற செம்பு மருந்து, காப்பர் ஆக்ஸிகுளோரைடு வாங்கினா?

அகிலா அத்தை: லிட்டருக்கு 2.5 கிராம். சோம்பேறிக்குச் சௌகரியம் 😄 ஆனா நம்ம ஐப்பசி மழைக்கு போர்டோ அளவு ஒட்டி நிக்காது. புரட்டாசிலயே முந்திரிக்கும் சேர்த்து ஒரு தடவை அடிச்சிடு, அதுக்கும் இதே நோய் வரும்.

செந்தில்: அடிமரத்துல வந்துட்டா அத்தை?

அகிலா அத்தை: அறுக்க முடியாதே. கெட்ட பட்டையைச் செதுக்கி எடுத்துட்டு பசை பூசணும். சுத்தி வளைச்சிருச்சுன்னா அதுக்கு மேல இருக்கறது பிழைக்காது. அதனால மழை மாசத்துல வாரம் ஒரு தடவை கவட்டையை அண்ணாந்து பாரு.

செந்தில்: சரி அத்தை. துத்தம் வாங்க இப்ப கிளம்பறேன்.