ஊட்டி: ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கிறது, மீன் தொட்டி 23 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. உதவி தேவை

தலைகுந்தாவாசி:
வணக்கம். வீடு ஊட்டி, தலைகுந்தா பக்கம். தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், பதினைந்து அங்குல உயரம். ஏஞ்சல் இரண்டு, விடோ டெட்ரா ஆறு. எல்லாமே சென்னை கொளத்தூரில் வாங்கியவை. 100 வாட்ஸ் கண்ணாடி ஹீட்டரை 26-இல் வைத்திருக்கிறேன். நவம்பர் வரை எந்தத் தொல்லையும் இல்லை. உறைபனி விழ ஆரம்பித்ததிலிருந்து காலை ஆறு மணிக்குப் பார்த்தால் 20தான் காட்டுகிறது. மதியம் 23 வரை போகும், அதோடு சரி. ஹீட்டரின் சிவப்பு விளக்கு அணைவதே இல்லை. அறைக்குள் ராத்திரி 9, 10 டிகிரி இருக்கும். ஏஞ்சல் இரண்டும் மூலையில் ஒதுங்கி நிற்கின்றன, தீனியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஹீட்டர் பழுதா, இல்லை வேறு வாங்க வேண்டுமா?

சேலம்_கப்பி:
200 வாட்ஸ் வாங்கிப் போடுங்க ப்ரோ, வேலை முடிந்தது.

பழனிமலை:
எங்கள் வீட்டில் தொட்டிக்கு மேலே குண்டு பல்பு ஒன்றை ராத்திரி முழுக்க எரிய விடுவோம்.

குன்னூர் அக்கா:
பல்பு வேண்டாம் தம்பி. அந்தச் சூட்டில் பாதிக்கு மேல் காற்றோடு போய்விடும், மீனுக்கும் ராத்திரி என்று ஒன்று வேண்டும். தண்ணீர் தெறித்தால் பல்பு வெடிக்கவும் செய்யும்.

தலைகுந்தா தம்பிக்கு: சிவப்பு விளக்கு அணையவில்லை என்றால் ஹீட்டர் உழைக்கிறது என்றுதான் அர்த்தம். 26 வருவதற்கு முன்பே அணைந்திருந்தால் சூடு வந்ததும் ஹீட்டரை அணைக்க உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்படலாம். உங்களுக்கு அப்படி இல்லை. அது கொடுக்கும் சூடு முழுவதும் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் வாட்ஸைக் கூட்டலாம்.

மூன்று கேள்வி. தொட்டிக்கு மூடி உண்டா? தினமும் எவ்வளவு தண்ணீர் குறைகிறது? விடியற்காலையில் உங்கள் வீட்டில் மின்சாரம் எத்தனை வோல்ட் வருகிறது?

தலைகுந்தாவாசி:
மூடி இல்லை அக்கா, மேலே லைட் மட்டும் தொங்குகிறது. தினம் ஒரு சொம்பு, கிட்டத்தட்ட ஒரு லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரில் இப்போது போய்ப் பார்த்தேன், உள்ளே வருவது 180. காலையில் எல்லா வீட்டிலும் கீசர் போடும் நேரத்தில் இன்னும் இறங்கும்.

குன்னூர் அக்கா:
அங்கேதான் இருக்கிறது விஷயம். 230 வோல்ட்டுக்குச் செய்த 100 வாட்ஸ் ஹீட்டர் 180 வோல்ட்டில் 61 வாட்ஸ்தான் தரும். வோல்ட் குறையும் விகிதத்தைவிட வாட்ஸ் வேகமாகக் குறையும், வர்க்கக் கணக்கு அது. நீங்கள் 100 வாங்கியிருக்கிறீர்கள், மீனுக்குப் போவது 60.

அந்தச் சொம்புத் தண்ணீரையும் சும்மா விடாதீர்கள். ஒரு லிட்டர் ஆவியாகப் போனால் சுமார் 680 வாட்ஸ் மணி சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் 28 வாட்ஸ். ஆக உங்கள் ஹீட்டரில் கிட்டத்தட்டப் பாதி, தொட்டியின் வாய் வழியாகவே போகிறது!

இன்றைக்கே கண்ணாடிக் கடையில் மேலே வைக்க ஒரு கண்ணாடி வெட்டி வாங்குங்கள். ஏர் டியூபுக்கு ஒரு மூலையை மட்டும் கத்தரித்துத் தரச் சொல்லுங்கள். பின்பக்கத்துக்கும் இரண்டு பக்கவாட்டுக்கும் ஓரங்குல தெர்மோகோல் ஒட்டுங்கள். அடியில் ஏற்கெனவே தெர்மோகோல் இல்லையென்றால், அதற்காகத் தண்ணீரோடு இருக்கிற தொட்டியைத் தூக்கி வைக்கப் போகாதீர்கள், விரிசல் விடும். முன்பக்கத்துக்கு ராத்திரி ஒரு கம்பளி போதும், மின் ஒயர்கள் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹீட்டரை ஃபில்டர் தண்ணீர் வந்து விழும் இடத்தருகே சாய்த்து வையுங்கள், இல்லையென்றால் ஒரு மூலை மட்டும் சூடாகும்.

இதற்குப் பிறகும் போதவில்லை என்றால் இன்னொரு 100 வாட்ஸ் சேருங்கள். ஒரே 200 வேண்டாம். ஒன்று கெட்டு அணையாமல் ஓடினாலும் மீன் வெந்துவிடாது, ஒன்று செத்துவிட்டாலும் இன்னொன்று தாங்கும்.

கொளத்தூர்ப் பண்ணை:
எங்கள் ஊரில் தொட்டித் தண்ணீர் தானாகவே 27, 28 இருக்கும். மழைக்கால மந்தாரத்தில் டிஸ்கஸ் மீன் வைப்பவர்கள் மட்டும் ஹீட்டர் கேட்பார்கள். அதனால் கடையில் வாட்ஸ் கணக்கு யாரும் சொல்லித் தர மாட்டார்கள். சார், தண்ணீர் எப்போது, எப்படி மாற்றுகிறீர்கள்? துடுப்பில் உப்புக்கல் மாதிரி புள்ளி ஏதாவது தெரிகிறதா?

தலைகுந்தாவாசி:
ஞாயிறு காலை ஒரு வாளி எடுத்துவிட்டு, குழாய்த் தண்ணீர் ஒரு வாளி விடுவேன். 15 லிட்டர் இருக்கும். புள்ளி... டெட்ரா ஒன்றின் வால் பக்கம் இரண்டு வெள்ளைப் புள்ளி இருக்கிறது, இப்போதுதான் கவனித்தேன்.

கொளத்தூர்ப் பண்ணை:
வெண்புள்ளி நோய்தான். ஊட்டிக் குழாய்த் தண்ணீர் 12 டிகிரி என்று வையுங்கள். 22-இல் இருக்கும் 45 லிட்டரில் அதை 15 விட்டால் ஒரே நிமிடத்தில் இரண்டரை டிகிரி இறங்கும். குளிர் அதிர்ச்சியில் மீனின் எதிர்ப்புச் சக்தி போகும்போதுதான் இந்த ஒட்டுண்ணி ஏறும். இனி வாளியில் கொதித்த தண்ணீர் கலந்து, தெர்மாமீட்டர் வைத்துத் தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து விடுங்கள். குளோரின் நீக்கும் மருந்தை மறக்காதீர்கள். தண்ணீர் எடுக்கும்முன் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிக் கால் மணி நேரம் விடுங்கள். சூடாக வெளியே வந்தால் கண்ணாடி வெடிக்கும், தொட்டிக்குள் கை விடுவதும் ஆபத்து.

சூட்டை ஒரு நாளில் இரண்டு டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம். 28, 29 வந்ததும் அந்தக் கிருமியின் சுழற்சி வேகமாகும். மருந்து வேலை செய்வது அது மீனை விட்டு விழுந்து நீந்தும் கட்டத்தில்தான். அதனால் புள்ளி மறைந்தாலும் மருந்தை நிறுத்தாதீர்கள், டப்பாவில் போட்டபடி முடியுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், ஏர் பம்ப் ஓடட்டும்.

தலைகுந்தாவாசி:
கண்ணாடியும் தெர்மோகோலும் வைத்தாயிற்று. ஹீட்டரை ஸ்டெபிலைசர் வழியாக மாற்றினேன். இன்று காலை 24, நேற்றிரவு விளக்கு முதல் தடவையாக அணைந்தது. மருந்து போட்டுக்கொண்டிருக்கிறேன், ஏஞ்சல் ஒன்று தீனி எடுத்தது. கரண்ட் போனால் என்ன செய்வது?

குன்னூர் அக்கா:
பதறாதீர்கள். மூடிய தொட்டி மெதுவாகத்தான் குளிரும். கம்பளியை நான்கு பக்கமும் சுற்றுங்கள், வெந்நீர் நிரப்பிய இரண்டு பாட்டிலை மூடி இறுக்கி மிதக்க விடுங்கள். வெந்நீரை நேரே ஊற்றக் கூடாது. கரண்ட் வரும்வரை தீனி போடாதீர்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள், ஜனவரியில் உங்கள் பக்கம் மின்வெட்டு சகஜம்தானே.